எந்த வேலி போடலாம்? கடன் கேட்கும் முன் ஒரு வார்த்தை

(கூட்டமைப்பின் ஆடி மாதப் பொதுக்குழுவில், கால்நடைக் கடன் பற்றிய விவாதத்தின்போது உறுப்பினர் ஒருவர் பேசியது. பெரும்பாலும் அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. மாட்டுக்கடன், ஆட்டுக்கடன் பற்றிப் பேச்சு வந்ததும் கையைத் தூக்கிவிட்டேன். இந்த வருடம் வந்த கடன் மனுக்களில் ஏழு மனுவில் "வேலி அமைக்க" என்று காரணம் எழுதியிருப்பதாகச் செயலாளர் படித்தார். அதைக் கேட்டதும் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் மூணு வருடம் முன்னால் அதே காரணத்தை எழுதிக் கடன் வாங்கினவள்தான். எங்கள் குழுவில் தவணை எத்தனை, ஜாமீன் யார், பழைய பாக்கி உண்டா என்று எல்லாம் கேட்டார்கள். என்ன வேலி போடப் போகிறாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ.

எங்களுடையது நாலு ஏக்கர் கொறங்காடு. வாய்க்கால் பாசனப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்றால் வெறும் மேய்ச்சல் காடுங்க. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கமெல்லாம் உண்டு. உழவு கிடையாது, பாசனம் கிடையாது. அடியில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை முள்வேலி. இந்த மூணும் சேர்ந்தால்தான் கொறங்காடு. மழை பெய்தால் புல், காய்ந்தால் அதுவே நின்றபடி வைக்கோல். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்தால் செம்மறிக்குத் தீனி. காங்கேயம் மாடும் மயிலம்பாடி ஆடும் காலங்காலமாய் இதில்தான் வளர்ந்தது.

அந்த வேலி எதுக்கு என்று ஆம்பிளைகளைக் கேட்டால் "எல்லை" என்பார்கள். எனக்கு அது ஆள். வேலி நன்றாக இருந்தால் மேய்க்க ஒருத்தர் பின்னாலேயே போக வேண்டியதில்லை. காலையில் மாட்டை ஓட்டிவிட்டு, கடவுப் படலைச் சாத்திவிட்டு, நான் கூலி வேலைக்குப் போகலாம், குழுக் கூட்டத்துக்கு வரலாம். வேலியில் ஒரு பொத்தல் விழுந்தால் அன்றைக்கு என் கூலி போச்சு. பக்கத்துக்காட்டில் மாடு புகுந்தால் கேட்கிற பேச்சும் எனக்குத்தான்.

எங்கள் மாமனார் வைத்த கிளுவை வேலி எங்கள் காட்டைச் சுத்தி நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. இடையில் கவனிப்பு இல்லாமல் அங்கங்கே பட்டுப்போய்ச் சந்து விழுந்துவிட்டது. அடியில் புதர் மண்டிக் கிடந்தது. "பாம்பு அடையுது, அசிங்கமா இருக்கு, எல்லாரும் கம்பி வேலி போட்டுட்டாங்க" என்றான் என் மகன். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லக் கூடாது. பொக்லைன் விட்டு ஒரே நாளில் அள்ளிப் போட்டோம். கடன் வாங்கிக் கல்கால் நட்டு, ஐந்து வரிசை முள்கம்பி இழுத்தோம். பார்க்கப் பளபளவென்று இருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி இடியும் மழையும். நாய்கள் கூட்டமாய் விரட்டியிருக்க வேண்டும். எங்கள் மயிலைப் பசு கன்று போட்டு இரண்டு மாதம். மிரண்டு ஓடினது கம்பியைப் பார்க்கவில்லை. கிளுவை வேலி இருட்டிலும் கறுப்பாய் ஒரு சுவர் மாதிரி தெரியும், மாடு அதன் பக்கம் போகாது. கம்பி தெரியாதுங்க. காலையில் போனபோது வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. மடியில் ஒரு காம்பு கிழிந்து தொங்கியது. கால்நடை மருத்துவர் வந்து தையல் போட்டார், ஊசி போட்டார். ஆனாலும் மடிநோய் கண்டு அந்தக் காம்பு அடைத்தே போய்விட்டது. காங்கேயம் மாடு பாலுக்குப் பேர்போனது இல்லை, உங்களுக்கே தெரியும். இருக்கிற பாலிலும் ஒரு காம்பு போனால் கன்றுக்கு ஊட்டவே பத்தலை. வேலிக் கடனுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மாட்டை விற்கவும் மனசில்லை, விற்றாலும் குறை சொல்லித்தான் கேட்பார்கள்.

இந்த ஏழு மனுவையும் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலி வேணும். என்ன வேலி, எங்கே, எவ்வளவு தூரம் என்று பேசிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

முதலில் தூரக் கணக்கு. எட்டாம் வகுப்பு படிக்கிற என் பேத்தி போட்டுக் கொடுத்தது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 209 அடி, சுத்தளவு 835 அடி. அப்படியானால் நாலு ஏக்கருக்கு நாலு மடங்கு வேலி வேணும் என்றுதானே நினைப்போம்? இல்லைங்க. நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுத்தளவு 1,670 அடிதான், இரண்டே மடங்கு. நாலு பேர் தலைக்கு ஒரு ஏக்கரைத் தனித்தனியாய் வேலி போட்டால் 3,340 அடி. அந்த நாலு பேரும் பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரிகளாக இருந்து, நடு வேலியைப் பொதுவாக வைத்துக்கொண்டால் சுமார் 2,500 அடி போதும். நடு வேலியே வேண்டாம், சேர்ந்து மேய்க்கிறோம் என்றால் 1,670. கம்பியானாலும் சரி, கிளுவையானாலும் சரி, செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பொதுவேலி என்றதும் நம்மூரில் நாலு தலைமுறைச் சண்டை ஞாபகத்துக்கு வரும். அதுக்குத்தான் குழு இருக்கிறது. யார் எந்தப் பக்கம் பார்த்துக்கொள்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ரிப்பன் மாதிரி இருக்கிற காட்டுக்கு அதே ஒரு ஏக்கருக்கும் வேலி கூடத்தான் பிடிக்கும், அதையும் அளந்து பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்.

ஒரு ஏக்கர் சுத்தி ஐந்து வரிசைக் கம்பி என்றால் 4,175 அடிக் கம்பி. பத்தடிக்கு ஒரு கால் என்று வைத்தாலும் 84 கால். இதை எழுதிக்கொண்டு போய் மூணு கடையில் விலை கேளுங்கள். "ஏக்கருக்கு இவ்வளவு" என்று மொத்தமாய்ப் பேசுகிறவரிடம் ஏமாந்து போகாதீர்கள். காலை எத்தனை அடி ஆழம் புதைப்பார்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு அடிதான் புதைத்திருந்தார்கள், முதல் மழையிலேயே மூலைக்கால் சாய்ந்தது. மூலைக்காலுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கால் கொடுக்காவிட்டால் கம்பி தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பிதான் எல்லாத்திலும் மோசம். காலைச் சுற்றிக்கொள்ளும், ஆடு மாடு இழுக்க இழுக்க இறுகும்.

கம்பிதான் போட முடியும் என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மாடு உரசுகிற உயரத்தில், மடியும் காலும் படுகிற இடத்தில், முள் இல்லாத வெறுங்கம்பி இழுங்கள். ஜி.ஐ. கம்பி என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், துரு சீக்கிரம் பிடிக்காது. மாடு நிற்கிற பக்கமாகவே கம்பியைக் காலில் கட்டச் சொல்லுங்கள். சாய்ந்து தள்ளினாலும் கம்பி காலோடு சேர்ந்து அழுந்தும், கட்டு அறுத்துக்கொண்டு வராது. மேல் வரிசையில் மூங்கில் வரிச்சல் ஒன்று கட்டினால் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அதுவும் முடியாவிட்டால் பழைய சேலையைக் கிழித்து எட்டடிக்கு ஒரு துண்டு கட்டிவிடுங்கள். அழகு பார்க்க வேண்டாம். நான் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன், என் கல்யாணச் சேலை ஒன்றும் அதில் ஆடிக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு)

இன்னொன்று, மருத்துவர் சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. வேலி போடுகிறவர்கள் வெட்டிப்போட்ட துண்டுக்கம்பியைப் புல்லுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவார்கள். மாடு புல்லை நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்குகிற பிராணி, ஆடு மாதிரி பொறுக்கித் தின்னாது. கம்பித்துண்டு உள்ளே போய் இரைப்பையில் குத்தி நிற்கும், மெல்ல நகர்ந்து நெஞ்சுப் பக்கம் போய் இதயத்தையே குத்தும். மாடு தீனி எடுக்காது, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், தாடைக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது கொண்டுபோனால் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் வேலி வேலை முடிந்த அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்தால் கண்ணுக்குத் தப்பினதும் ஒட்டிக்கொண்டு வரும்.

கரண்ட் வேலி பற்றி ஒரே வார்த்தை. வீட்டு லைனிலிருந்தோ, மோட்டார் லைனிலிருந்தோ நேராகக் கொக்கி போட்டுக் கம்பியில் விடுவது வேலி இல்லை, கொலை. காட்டுப்பன்றிக்கு என்று வைத்ததில் வைத்தவரே செத்த செய்தியை எத்தனை தடவை பேப்பரில் படித்துவிட்டோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படி வைத்த கம்பியில் மூணு யானைகள் செத்துப்போய், பக்கத்தில் குட்டிகள் நின்றதை டி.வி.யில் பார்த்தோம். அது சட்டப்படியும் குற்றம். சோலார் வேலி வேறே. அதற்கென்று இருக்கிற பெட்டி பேட்டரியிலிருந்து எடுத்து, விட்டு விட்டு ஒரு நொடிக்குள் சின்னச் சின்னதாய் அடிக்கும். சுரீர் என்று இருக்கும், உயிர் போகாது. அதுக்கும் தமிழ்நாட்டில் 2023-ல் தனி விதிமுறை வந்துவிட்டது. காட்டோரம் இருக்கிறவர்கள் வனத்துறையில் கேட்டுப் பதிவு செய்துதான் போட வேண்டும். மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் கம்பியில் செடி கொடி படர்ந்தால் வேகம் போய்விடும், வாரம் ஒரு தடவை அடியில் அறுத்துவிட வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று யோசித்துக்கொண்டு வாங்குங்கள்.

இனி கிளுவைக்கு வருகிறேன். கிளுவை வேலிக்குப் பணம் கொஞ்சம்தான், பொறுமைதான் நிறைய வேணும். கட்டைவிரல் மொத்தத்தில், இடுப்பு உயரத்துக்குப் போத்து வெட்டணும். வெட்டின போத்தை இரண்டு மூணு நாள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்தபிறகு நடணும். முதலில் ஒன்றரை அடிக்கு வாய்க்கால் மாதிரி பறித்து, மண்ணைக் கரையாகப் போட்டு, கரைமேல் சாணுக்கு ஒன்றாய் நடுவோம். ஒரு ஏக்கர் சுத்திச் சுமார் 1,100 போத்து ஆகும். ஆவணி, புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். பிடிக்காத இடத்தில் அடுத்த வருடம் போக்கு நடவு செய்ய வேண்டும், அதில் சோம்பல்பட்டால் அங்கேதான் சந்து விழும். வேலி என்று சொல்கிற மாதிரி ஆக மூணு நாலு வருடம் ஆகும். அதுவரை வெள்ளாடு கிட்டப்போகாமல் காக்கணும், கிளுவைத் தழை என்றால் அதுக்கு உயிர். வளர்ந்தபிறகு நாம் கவாத்து வெட்டுகிற தழை எல்லாம் அதுக்கே தீனி. வேலியில் கோவையும் முடக்கத்தானும் பிரண்டையும் படரும், ரசத்துக்கும் துவையலுக்கும் கடைக்குப் போக வேண்டாம்.

அந்த நாலு வருடம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அங்கேதான் கம்பி. உள்பக்கம் இரண்டு மூணு வரிசை வெறுங்கம்பி, மரக்காலில் தற்காலிகமாக. கிளுவை எழும்பினதும் அவிழ்த்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகலாம். வேலி முழுக்க ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? வருடம் ஒரு பக்கம் போதும். கடனும் சின்னதாய்ப் போதும்.

ஆனால் கிளுவை வேலி நாயைத் தடுக்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அடிச்சந்தில் நுழைந்துவிடும். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் 2024, 2025-ல் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து கடித்து எத்தனை ஆடு செத்தது, இழப்பீடு கேட்டு விவசாயிகள் எத்தனை நாள் போராடினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டுக்கடன் வாங்கினவளுக்கு ஒரு ராத்திரியில் எல்லாம் போய்விடும். அதனால் காசு கொடுத்து வாங்குகிற வலையை நாலு ஏக்கருக்கும் இழுக்காமல் ராத்திரிப் பட்டிக்குப் போடுங்கள். முப்பதுக்கு முப்பது பட்டி என்றால் சுத்தளவு 120 அடிதான். ஆள் உயரத்துக்குச் செயின்லிங்க் வலை, அடியை ஒரு முழம் மண்ணில் புதைத்துக் கல் அடுக்கி, மேலே கொஞ்சம் முள். வலைக்கண் சின்னதாக இருக்கட்டும். பெரிய கண்ணில் வெள்ளாடு தலையை விட்டுக் கொம்பு மாட்டிக்கொள்ளும். பகலுக்குக் கிளுவை, ராத்திரிக்கு வலை. கடன் அந்த 120 அடிக்கு.

உயிர்வேலி என்றதும் கிடைத்ததை நட்டுவிடாதீர்கள். அரளி வேண்டவே வேண்டாம். பூ அழகு, ஆனால் நாலு இலை வயிற்றுக்குள் போனால் மாடானாலும் ஆடானாலும் நெஞ்சு நின்றுவிடும், வெட்டிப்போட்டுக் காய்ந்த இலையிலும் விஷம் போகாது. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கை பஞ்சத்தில் ஆடு தின்று பழகினால் தள்ளாடி விழும். சீமைக்கருவேலம் சீக்கிரம் வரும்தான். அதன் காயைத் தின்ற மாடு சாணியிலேயே விதையைப் போட்டுக் கொறங்காடு முழுக்க முள்ளாக்கிவிடும், கொழுக்கட்டைப் புல்லை அப்புறம் தேட வேண்டியதுதான்.

குதிரை வைத்திருக்கிற இரண்டு குடும்பம் நம் கூட்டமைப்பில் உண்டு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போய் வந்தபிறகு இன்னும் இரண்டு பேருக்கு ஆசை வந்திருக்கிறதாம். அவர்கள் முள்கம்பிப் பக்கமே போகக் கூடாது. மாடு முட்டிப் பார்த்துவிட்டு நிற்கும். குதிரை மிரண்டால் முதலில் ஓடும், அப்புறம்தான் பார்க்கும். முழங்காலுக்குக் கீழே அதுக்குச் சதை கிடையாது, தோலும் நரம்பும்தான். கம்பி அறுத்தால் நேரே நரம்பில்தான். ரணஜன்னியும் குதிரைக்கு மற்ற பிராணிகளைவிடச் சீக்கிரம் வரும். தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். குதிரைக்கு நாலரை அடி உயரத்தில் மூங்கிலோ சவுக்குக் கம்போ குறுக்குச் சட்டமாகக் கட்டினால் நல்லது. குளம்பு நுழைகிற அளவு கண் இருக்கிற வலையும் ஆகாது.

கடைசியாய் ஒன்று. பட்டா வீட்டுக்காரர் பேரில், வேலி முடிவு ஆம்பிளைகள் கையில், கடன் மட்டும் நம் பேரில். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. நான் ஒருவார்த்தை "மடி உயரத்துக்கு முள் வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம், பால் கறக்கிறவள் நான்தானே. சொல்லத் தோன்றவில்லை. கையெழுத்துப் போடுகிறவள் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு தீர்மானம் கேட்கிறேன். வேலிக் கடன் மனு வந்தால் இரண்டு உறுப்பினர் நேரில் போய்க் காட்டைப் பார்த்து, எத்தனை அடி, என்ன வேலி, பழைய கிளுவை இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு வரட்டும். பழைய கிளுவை பாதி உயிரோடு இருந்தாலும் அதைப் பொக்லைன் விட்டு அள்ளக் கடன் கொடுக்காதீர்கள். சந்துகளை அடைக்கக் கொடுங்கள்.

எங்கள் காட்டில் தெற்குப் பக்கம் போன வருடம் நட்டது தழைத்திருக்கிறது. மேற்குப் பக்கம் இந்த ஆவணியில் நடப் போகிறோம். என் நாத்தனார் காட்டில் நல்ல கிளுவை நிற்கிறது, கவாத்து வெட்டினால் இரண்டாயிரம் போத்தாவது தேறும். வேண்டுகிறவர்கள் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிவாளோடு வாருங்கள், கைக்குத் துணி சுற்றிக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம், சோறு நான் ஆக்கி வைக்கிறேன். வருகிறவர்கள் முன்னாலேயே உங்கள் குழு ஊக்குநரிடம் பேர் கொடுத்துவிட்டால் எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று எனக்குத் தெரியும்.